வேலூர்ல மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க, டீச்சர்? சென்சஸ் எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001, 2011 இரண்டு முறையும் கணக்கெடுப்பாளராகக் குடியாத்தம் பக்கத்தில் தெருத்தெருவாக நடந்தவள் நான். பணி ஓய்வுக்குப் பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்கிறேன். சென்சஸ் பாடம் வந்தாலே அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பிள்ளைகள் கேட்டது, அவர்கள் வீட்டார் கேட்டது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டது எல்லாவற்றையும் அவரவர் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

வேலூர் மாவட்டத்துல எத்தனை பேரு? ஒரு புக்குல 39 லட்சம், இன்னொண்ணுல 16 லட்சம்னு இருக்கே?

இரண்டும் சரி. 2011 கணக்கெடுப்பின்போது வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,36,331. அன்றைய மாவட்டம் அரக்கோணத்திலிருந்து திருப்பத்தூர் வரை நீண்டு கிடந்தது. 2019 நவம்பர் 28 அன்று அது மூன்றாகப் பிரிந்தது.

அதே 2011 கணக்கை மூன்று மாவட்டங்களுக்கும் பிரித்துப் போட்டால் இன்றைய வேலூருக்கு 16,14,242 பேர், ராணிப்பேட்டைக்கு 12,10,277 பேர், திருப்பத்தூருக்கு 11,11,812 பேர். கூட்டிப் பாருங்கள், பழைய எண் வந்துவிடும். தேர்வில் '2011 கணக்கெடுப்பின்படி வேலூர் மாவட்டம்' என்று கேட்டால் 39 லட்சம், 'இன்றைய வேலூர் மாவட்டம்' என்றால் 16 லட்சம். கேள்வித்தாள் தயாரித்தவர் எதை நினைத்துக் கேட்டார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

எங்க தாத்தா பத்திரத்துல 'வட ஆற்காடு ஜில்லா'ன்னு இருக்கு. அந்தக் காலத்து ஜனத்தொகையை இப்போ இருக்கறதோட ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானபோது வடக்குத் தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் இந்தப் பக்கம் வந்தன. வேலூர் தலைநகரமானது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்து போனது. மீதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள், பிறகு அதுவும் வேலூர் என்று மாறியது.

இதைக் கவனிக்காமல் அட்டவணையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? 1981-ல் வட ஆற்காடு ஏறத்தாழ 44 லட்சம், 1991-ல் ஏறத்தாழ 30 லட்சம். பத்து வருஷத்தில் 14 லட்சம் பேர் காணாமல் போய்விட்டார்களா என்று ஒரு மாணவன் பதறிப்போய்க் கேட்டான். யாரும் எங்கும் போகவில்லை. திருவண்ணாமலையின் ஏறத்தாழ 20 லட்சத்தையும் சேர்த்தால் 50 லட்சம் தாண்டுகிறது, அதாவது கூடித்தான் இருக்கிறது.

நிஜமாகவே ஜனம் குறைந்த காலமும் ஒன்று உண்டு. 1871-ல் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த வட ஆற்காடு 1881-ல் 18 லட்சத்துக்கு இறங்கியது. நடுவில் வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். அந்தச் சரிவுக்கு எல்லைக்கோடு காரணமில்லை, பட்டினியும் அதைத் தொடர்ந்த நோயும்தான் காரணம்.

2011, 2011-ன்னே எத்தனை நாள் சொல்லிக்கிட்டிருப்பீங்க?

அடுத்த கணக்கு வரும்வரை. 1871-72-ல் தொடங்கிய வரிசை 1881-லிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை என்று ஒழுங்காகப் போனது. இரண்டாம் உலகப்போர் நடந்த 1941-ல்கூட எடுத்தார்கள். 2021-ல் எடுக்க வேண்டியது கொரோனாவால் நின்றது, பிறகும் தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூன் 16-ல் வந்த அறிவிக்கை, பனி விழும் மலைப்பகுதிகள் நீங்கலாக நாடு முழுவதற்கும் 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நேரமாக வைத்தது. அதற்கு முந்தைய வருஷம், ஆட்களை எண்ணுமுன் வீடுகளைக் குறித்துக்கொள்ளும் வீட்டுப் பட்டியல். ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் மாவட்டமாக அதுவே முதல் கணக்கு.

அதுவரை யாராவது 'இப்போது தமிழ்நாட்டில் இத்தனை பேர்' என்றால் அது மதிப்பீடு. பிறப்பு, இறப்பு விகிதங்களை வைத்து நிபுணர்கள் போடும் கணக்கு. உபயோகமானதுதான், ஆனால் யாரும் கதவைத் தட்டி எண்ணியது இல்லை.

கணக்கு எடுக்க வந்தப்போ நான் பெங்களூர்ல வேலையில இருந்தேன். என்னை எங்க எண்ணியிருப்பாங்க? ரேஷன் கார்டு ஆம்பூர்லதான் இருக்கு.

ரேஷன் கார்டுக்கும் சென்சஸுக்கும் சம்பந்தமே இல்லை. 2011-ல் கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. வழக்கமாக இந்த வீட்டில் வசிப்பவர் அந்த இருபது நாளில் ஒரு நாளாவது இங்கே இருந்தால் இங்கே எழுதுவோம். முழுக்க வெளியூரில் இருந்தால் அந்த ஊரில் எழுதுவார்கள். மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி ஒரு சுற்று வந்து, பிப்ரவரி 28 நள்ளிரவுக்குள் பிறந்த குழந்தையைச் சேர்த்து, இறந்தவரை நீக்குவோம். ஆக, நீங்கள் பெங்களூர்க் கணக்கு.

விடுதியில் தங்கிப் படிக்கும் வி.ஐ.டி. மாணவர், தொரப்பாடி மத்திய சிறையில் இருப்பவர் எல்லாரும் 'நிறுவனக் குடும்பம்' என்ற தலைப்பில் இருக்கும் இடத்திலேயே எண்ணப்படுவார்கள். காஷ்மீரில் இருக்கும் ராணுவ வீரரும் அப்படித்தான், இங்கே வரமாட்டார். வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவில், பஸ் நிலையம், ரயில் நிலையம், கோயில் வாசல் என்று போய் எண்ணுவோம். குளிரில் போர்வையை விலக்கி ஒருவரை எழுப்பி வயது கேட்பது சங்கடமான வேலை. 'எதுக்குமா, வீடு தரப்போறீங்களா?' என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் பதில் சொல்லாமல் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் எங்கே என்றால், மாதம் இரண்டு முறை வந்து போகும் பிள்ளையை அம்மா 'இங்கதான் இருக்கான்' என்பார், அங்கே அறைத்தோழரும் 'இங்கதான்' என்பார். இரண்டு இடத்திலும் விழலாம், இரண்டிலும் விடுபடலாம். 2011 கணக்கெடுப்புக்குப் பின் நடந்த சரிபார்ப்பு ஆய்வு, நாடு முழுவதும் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகச் சொன்னது. நகரத்தில் அதிகம், கிராமத்தில் குறைவு.

வேலூர்ல ஆயிரம் ஆணுக்கு 1007 பெண். நம்ம ஊர்ல பொண்ணுங்களுக்கு மதிப்பு ஜாஸ்தின்னுதானே அர்த்தம்?

அப்படி இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். 2001-ல் 997, 2011-ல் 1007. மாநிலத்துக்கு 987-லிருந்து 996. நல்ல எண்கள்தான். ஆனால் இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. பெண்கள் ஆண்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள், ஒவ்வொரு தெருவிலும் பாட்டிகள் அதிகம், தாத்தாக்கள் குறைவு. அதோடு முந்தைய பதிலில் சொன்ன விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருக்கும் பையன், வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரர், எல்லையில் இருக்கும் மிலிட்டரிக்காரர் யாரும் இந்தக் கணக்கில் இல்லை. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர், வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். அந்த மாதிரி ஊரில் ஆண்கள் குறைவாக எண்ணப்படுவதில் என்ன ஆச்சரியம்? தஞ்சாவூரில் 1035, நீலகிரியில் 1042. அங்கேயும் காரணங்கள் ஒன்றுக்கு மேல்.

பெண்ணுக்கு இருக்கும் மதிப்பைப் பார்க்க வேண்டுமானால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதத்தைப் பாருங்கள். வேலை தேடி வெளியூர் போவது, அதிக ஆயுள் எல்லாம் அந்த வயதில் கிடையாது. 2011-ல் வேலூருக்கு அது 944.

இன்னொன்று. 2011-ல்தான் முதல்முறையாக ஆண், பெண் தவிர மூன்றாவது குறியீடு படிவத்தில் வந்தது. தமிழ்நாட்டில் அதில் பதிவானவர்கள் 22,364 பேர். வீட்டுத் தலைவர் சொல்வதைத்தான் எழுதுகிறோம் என்பதால், உண்மையான எண் இதைவிடப் பெரிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

944 குறைவா? ஆண் குழந்தை கொஞ்சம் அதிகமாப் பிறக்கறது இயற்கைதானே?

இயற்கைதான். 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்துக்கு 952 வரும். 944 அதற்குக் கொஞ்சம் கீழே. ஒரு மாவட்டத்துக்கு இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு அடித்துப் பேச முடியாது. மாநில அளவில் மூன்று கணக்குகளைப் பாருங்கள்: 1991-ல் 948, 2001-ல் 942, 2011-ல் 943. மொத்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது, குழந்தைகள் விகிதம் இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எழுத்தறிவும் வருமானமும் ஏறிய இருபது வருஷத்தில் இது நடந்திருக்கிறது.

1991-ல் சேலம் மாவட்டத்தில் இந்த எண் 849. அதைப் பார்த்துத்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கே தொடங்கியது. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. இப்படி ஓர் அட்டவணை எண் அரசை அசைத்த சம்பவங்கள் அதிகம் கிடையாது.

எங்க அம்மா நாள் முழுக்க பீடி சுத்தறாங்க. படிவத்துல 'வேலை செய்யாதவர்'னு எழுதிட்டுப் போயிட்டாங்களாம். இது நியாயமா?

நியாயமில்லை. இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

படிவத்தின் விதி தெளிவானது. கடந்த ஒரு வருஷத்தில் பொருளாதாரப் பலன் உள்ள வேலை எதையாவது செய்தாரா என்று கேட்க வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்திருந்தால் முழுநேரத் தொழிலாளர், குறைவென்றால் பகுதிநேரத் தொழிலாளர். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றினாலும், தறியில் கைலி நெய்தாலும், தீப்பெட்டி ஒட்டினாலும், ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுத்தாலும் வேலைதான். ஆனால் நடப்பது என்ன? வாசலில் நிற்கும் ஆண் பதில் சொல்கிறார். 'வீட்டுக்காரம்மா என்ன செய்றாங்க?' 'சும்மாதாங்க இருக்காங்க.' அவர் சொல்லும்போதே பின்னால் முறத்தில் இலையும் தூளும் இருக்கும். அன்றைக்கு அறுபது வீடு முடிக்க வேண்டிய கணக்கெடுப்பாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 2001-ல் ஒரு தெரு முழுவதும் நான் அப்படித்தான் எழுதினேன். 2011-ல் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: 'ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுத்துறீங்கம்மா?' உள்ளேயிருந்தே பதில் வந்தது, 'எண்ணூறு டீச்சர், கரண்ட் இருந்தா ஆயிரம்.'

ஆகவே குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி பக்கத்துப் பெண்களின் வேலை பங்களிப்பு எண்ணைப் பார்க்கும்போது, அது குறைந்தபட்ச எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேனில் போகும் பெண்கள் ஒழுங்காகப் பதிவாகிவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் அடையாள அட்டையும் சம்பள நாளும் இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் பெண்கள் புதிதாக வேலைக்குப் போனார்கள் என்று மட்டும் அர்த்தமில்லை. வீட்டுக்குள் இருந்த வேலை கம்பெனி வாசலுக்கு வந்து கண்ணில் பட்டது என்றும் அர்த்தம்.

எங்க பாட்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, உருது படிப்பாங்க. அவங்க படிச்சவங்க லிஸ்ட்டா?

ஆமாம். ஏழு வயதோ அதற்கு மேலோ இருந்து, ஏதாவது ஒரு மொழியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவர். இரண்டும் வேண்டும், படிக்க மட்டும் தெரிந்தால் போதாது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தாலும் கணக்கில் வராது. பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய வேலூர் மாவட்டத்துக்கு 79.17 சதவீதம், மாநிலத்துக்கு 80.09. மாவட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே 14 புள்ளிக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் பெரும்பங்கு பாட்டிகள் தலைமுறையுடையது.

எங்களுது கிராமப் பஞ்சாயத்துதான். ஆனா சென்சஸ்ல 'டவுன்'னு போட்டிருக்கு. வரி ஏத்துவாங்களா?

பயப்படாதீர்கள். அது 'கணக்கெடுப்பு நகரம்', நிர்வாகத்தில் நீங்கள் கிராமம்தான், வரியும் கிராம வரிதான். 5,000 பேருக்கு மேல் இருந்து, ஆண் முழுநேரத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல் நெருக்கம் இருந்தால் சென்சஸ் அந்த ஊரை நகரமாக எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவை 2001-ல் 111, 2011-ல் 376.

எனக்கு மிகவும் பிடித்த எண் இது. மாநிலத்தின் நகர மக்கள் 44 சதவீதத்திலிருந்து 48.4 ஆனதை, எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனதாக நினைக்கிறோம். பாதிக் கதைதான் அது. பல இடங்களில் ஆட்கள் நகரவே இல்லை, அவர்கள் காலடியில் ஊர் மாறிவிட்டது. பாலாறு வறண்டு, கிணறு வற்றி, நிலம் மனையாகி, மகன் சிப்காட்டுக்கோ கட்டட வேலைக்கோ போகிறான். இருந்த இடத்திலேயே கிராமம் நகரமாகிவிட்டது.

வேலூர் நகரத்தின் எண்ணும் இதே மாதிரி ஏமாற்றும். 2011 அட்டவணையில் வேலூர் மாநகராட்சிக்கு 1.85 லட்சம்தான். காட்பாடி, சத்துவாச்சாரி போன்றவை அந்த எண்ணில் சேராமல் தனித்தனியாக இருந்தன. சுற்றியுள்ளவற்றைச் சேர்த்த நகரத் தொகுப்பைப் பார்த்தால் ஏறத்தாழ 4.8 லட்சம். இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் எது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தமிழே குறைஞ்சுடுச்சுன்னு சொல்றாங்களே?

சென்சஸ் கேட்பது தாய்மொழி. அப்புறம் வேறு தெரிந்த மொழிகள் இரண்டு. வாணியம்பாடியில் உருதைத் தாய்மொழியாகச் சொல்பவர் சந்தையில் பேரம் பேசுவது தமிழில்தான், அவர் 'தெரிந்த மொழி' கட்டத்தில் தமிழும் இருக்கும். முதல் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு வம்பளப்பவர்கள் இரண்டாவது கட்டத்தைப் பார்ப்பதில்லை. உருது பேசுபவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள், தோல் தொழிலை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள். ஆந்திர எல்லையை ஒட்டித் தெலுங்கும் அப்படித்தான்.

மாநில அளவில் 2011-ல் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 88 சதவீதத்துக்குச் சற்று மேல். தெலுங்கு ஏறத்தாழ 6 சதவீதம், உருது 2-க்கும் குறைவு.

சி.எம்.சி. பக்கம் போனா பெங்காலியும் இந்தியும்தான் காதுல விழுது. வடக்கத்திக்காரங்க எவ்வளவு பேரு வந்துட்டாங்க?

இங்கே இரண்டு கூட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருப்பவர் வேலூரின் குடிமகனாகக் கணக்கில் ஏறமாட்டார். அந்த இருபது நாள் முழுவதும் இங்கேயே இருந்தால் மட்டும் இங்கே எண்ணப்படுவார், மேலே பெங்களூர்க் கேள்விக்குச் சொன்ன அதே விதி. ஆக நீங்கள் தெருவில் பார்ப்பது வேறு, அட்டவணையில் வருவது வேறு. பெங்காலி போர்டு வைத்த சாப்பாட்டுக் கடையை எண்ணி மக்கள்தொகை சொல்ல முடியாது.

வேலைக்கு வந்து தங்கியவர்கள் உண்மையாகவே கூடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001-ல் 1.9 லட்சம் அளவில் இருந்து, 2011-ல் 3.9 லட்சம் ஆனார்கள். இரு மடங்கு என்றால் பெரிதாகத் தெரியும், ஆனால் மாநில மக்கள்தொகையில் அது அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 2011-க்குப் பிறகு வந்தவர்கள் இதில் இல்லை.

ஒரு வேடிக்கை. சென்சஸ் பார்வையில் பிறந்த ஊரை விட்டு வந்த எல்லாரும் இடம்பெயர்ந்தவர்கள். பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் கல்யாணம். வாலாஜாவில் பிறந்து குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்ட நானும் இடம்பெயர்ந்தவள்தான். 'வந்தேறிகள்' பற்றி ஆவேசமாகப் பேசிய ஒரு மாமியிடம் இதைச் சொன்னேன். காபி வரவில்லை.

எல்லா வீட்லயும் ஒண்ணு, ரெண்டு குழந்தைதான். அப்புறம் எப்படி டீச்சர் 15.6 சதவீதம் வளர்ந்தோம்?

நல்ல கேள்வி, விவரம் தெரிந்தவர்களையே யோசிக்க வைத்த கேள்வி. 1991-2001 பத்தாண்டில் தமிழ்நாடு 11.7 சதவீதம் வளர்ந்தது. அடுத்த பத்தாண்டில் பிறப்பு விகிதம் இன்னும் குறைந்தும், வளர்ச்சி 15.6 ஆனது. 6.24 கோடி, 7.21 கோடி ஆனது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பத்தாண்டில் பிறப்பில் இறப்பைக் கழித்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒன்பது, பத்து பேர்தான் மிஞ்சுவார்கள். அதன்படி பத்து வருஷத்தில் 10 சதவீதம் அளவுக்குத்தான் கூட வேண்டும். மீதி 5, 6 சதவீதம்? ஒரு பகுதி வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். இன்னொரு பகுதி, 2001-ல் விடுபட்டவர்கள் 2011-ல் எண்ணப்பட்டதாக இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு அட்டவணை போதாது. மாநிலத்துக்குள் பார்த்தால் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் 35 சதவீதத்துக்கு மேல் பாய்ந்தன, நீலகிரி குறைந்தே போனது, வேலூர் 13.2.

வீடுகள் கூடுவதைப் பார்த்து ஜனம் கூடுகிறது என்று முடிவு கட்டுவதும் தப்பு. 2011-ல் ஒரு குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேர்கூட இல்லை. அண்ணன் தம்பி பிரிந்தால் அடுப்பு இரண்டாகும், ஆட்கள் அதே ஆட்கள்தான்.

அப்போ வருங்காலத்துல கிழவங்கதான் அதிகமா இருப்போமா?

அந்தப் பக்கம்தான் போகிறோம். ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தை இருந்தால் தலைமுறை சமமாக ஈடாகும். தமிழ்நாடு அதற்குக் கீழே போய் வெகுகாலமாகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8, பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து பதியும் மாதிரிப் பதிவு முறையின் 2020 கணக்கில் 1.4. 2011-ல் 60 வயதைத் தாண்டியவர்கள் பத்துக்கு ஒருவர். 2031-ல் நூற்றுக்கு 18 பேர் ஆவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் ஆள் குறைவதைத் தனியார் பள்ளி மோகம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

வயதுக் கணக்கைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பெரியவர்கள் 'அம்பது இருக்கும்', 'அறுபத்தஞ்சு போடு' என்பார்கள், அதனால் 0-லும் 5-லும் முடியும் வயதுகள் அட்டவணையில் குவிந்து நிற்கும். நான் 'சீனச் சண்டை வந்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்டுத்தான் பல பாட்டிகளுக்கு வயது கண்டுபிடித்தேன். ஒரு பாட்டிக்கு அவர் சொன்னதைவிடப் பதினொரு வயது கூடியது. எழுதக் கூடாது என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

அடுத்த சென்சஸ்ல ஜாதி கேப்பாங்களாமே? இத்தனை நாள் கேக்கலையா?

பட்டியல் சாதியா, பழங்குடியா, எந்தப் பிரிவு என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2011-ல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். மற்ற எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931-ல். அடுத்த கணக்கில் அதையும் சேர்ப்பதாக 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

இதில் நம் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு சிக்கல்: சட்டப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியாகப் பதிவாக முடியும். அதே தெருவில், அதே சாதியில், அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவர் என்றால் அண்ணன் அந்தக் கட்டத்தில் வருவார், தம்பி வரமாட்டார். தம்பி வீட்டில் அதைச் சொல்லும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. ஆகவே அந்தச் சதவீதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் முழு எண்ணிக்கையாகப் படிக்காதீர்கள்.

பழங்குடியினரின் மாநிலச் சதவீதம் சிறிது. ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் ஏறினால் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சராசரி எண் மலையை மறைத்துவிடும்.

நம்ம ஜனத்தொகை கட்டுப்பட்டதால எம்.பி. சீட்டு குறையும்ங்கறாங்க. நிஜமா?

பின்னணி இது. மக்களவை இடங்கள் மாநிலங்களுக்கு இப்போது இருக்கும் கணக்கில் பிரிந்திருப்பது 1971 மக்கள்தொகைப்படி. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்று 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம் மறுபடி பிரிப்பதை நிறுத்தி வைத்தது. 84-வது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2027 மார்ச் என்ற தேதியை எல்லாரும் உற்றுப் பார்ப்பது அதனால்தான்.

1971-ல் நாட்டின் ஜனத்தொகையில் தமிழ்நாடு 7.5 சதவீதம். 2011-ல் ஏறத்தாழ 6. இப்போது 39 இடம், 1967-க்கு முன் 41 இருந்தது, ஆக இடம் குறைவது நமக்குப் புதிதல்ல. இனி எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம், கணக்கெடுப்பாளர் அல்ல. சிலர் 'கூடுதலா எழுதிக்கோங்க டீச்சர், சீட்டு போயிடும்' என்று சிரிக்காமல் சொல்கிறார்கள். அது குற்றம், எனக்கும் உங்களுக்கும்.

நான் சொல்ற விவரத்தைப் போலீஸோ வரி ஆபீஸோ பாக்குமா?

பார்க்க முடியாது. 1948 சென்சஸ் சட்டம் தனிநபர் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூடக் கேட்க முடியாது. உங்கள் பதில் கூட்டுத்தொகைக்குள் போய்க் கரைந்துவிடும். பதில் சொல்வது சட்டப்படி உங்கள் கடமை.

ஆனால் மக்கள்தொகைப் பதிவேடு என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது பெயர் பெயராக வைக்கும் பட்டியல், வேறு சட்டத்தின் விதிகளின்கீழ் வருவது. 2010-ல் வீட்டுப் பட்டியலோடு சேர்த்து அதையும் எடுத்தார்கள். 2020-ல் மறுபடி சேர்த்து எடுக்கப் போவதாகச் சொன்னபோது மக்கள் கேட்ட கேள்விகள் பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. வருபவரிடம் 'இது சென்சஸ் படிவமா, பதிவேட்டுப் படிவமா?' என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, சொல்ல அவருக்குக் கடமை உண்டு.

எனக்கு மாவட்டம் எல்லாம் வேணாம். எங்க கிராமத்துல எத்தனை பேருன்னு மட்டும் பாக்கணும். முடியுமா?

முடியும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு' வெளியிடுகிறார்கள், சென்சஸ் இணையதளத்தில் இலவசம். கிராமம் கிராமமாக ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்டவர், எழுத்தறிவு, தொழில் எல்லாம் இருக்கும், பள்ளி, தண்ணீர், பஸ் வசதிகூட இருக்கும். 2011 கையேட்டில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் தேடாதீர்கள், எல்லாம் வேலூருக்குள்தான். இருப்பது வருவாய்க் கிராமப் பெயர், நீங்கள் கூப்பிடும் குக்கிராமப் பெயர் இருக்காது. பட்டாவில் என்ன கிராமம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள். சில பெயர்களுக்கு நேரே மக்கள்தொகை பூஜ்யம் என்று இருக்கும், அச்சுப்பிழை இல்லை, நிலம் மட்டும் இருந்து ஆள் குடியில்லாத கிராமங்கள் அவை.